பாலாற்றுக்கு எழுதிய விலை

2001 மார்ச் மாதம், தோல் கழிவால் பாலாற்றுப் படுகையில் நேர்ந்த நாசத்துக்கு இழப்பீடு கணக்கிட்டு அறிவித்தது சூழலியல் இழப்பு ஆணையம். கெட்டுப்போன நிலம் ஏறத்தாழ 15,165 ஹெக்டேர். பாதிக்கப்பட்டவர்கள் 29,193. தொகை 26 கோடியே 82 லட்சம் ரூபாய்.

கேட்கப் பெரிய தொகைதான். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதுவும் 1991 ஆகஸ்டிலிருந்து 1998 கடைசி வரை, ஏழு ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்கு. மாதத்துக்குச் சுமார் நூறு ரூபாய்! கிணறு உப்பாகிக் கழனி வெளுத்துப்போன ஒருவருக்கு அரசாங்கக் காகிதத்தில் எழுதப்பட்ட விலை அது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த ஊர்களில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். 1970களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுமையாக்கிய தோலுக்கே ஊக்கம் கிடைத்தது. குரோம் முறை வேகமாகப் பரவியது. அந்நியச் செலாவணி பெருகியது; கழிவும் பெருகியது.

குரோமியத்தைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். ஆனால் கழனியைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதில் உப்பை அள்ளிப் பூசுகிறார்கள். தோல்ஷாப்புக்கு, அதாவது பதனிடும் ஆலைக்கு, வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. உப்பில் பெரும்பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். குரோமியத்தையாவது சுத்திகரிப்பில் வண்டலாகப் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது. சவ்வூடு பரவல், ஆவியாக்கும் கலன் என்று பெரும் செலவு செய்தால்தான் பிரியும். பிரித்த பிறகும் அந்த உப்பை எங்கே கொட்டுவது என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

பாலாற்றின் இயல்பும் இந்த நாசத்துக்குச் சாதகமாகிவிட்டது. ஆண்டில் பெரும்பகுதி அது மணல்தான். தண்ணீர் மணலுக்கடியில் ஓடும். கழிவை அடித்துக்கொண்டு போக மேலே வெள்ளம் கிடையாது. ஊற்றுக்கால்வாய் வெட்டிப் பாசனம் செய்த மணற்படுகைக்குள்ளேயே நஞ்சு இறங்கியது. அங்கிருந்து கரையோரக் கிணறுகளுக்குப் போனது. தோல்ஷாப்பு மூடிய பிறகும் கிணறு தெளியாததற்குக் காரணம் இதுதான்.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்திய நீதிமன்றங்களில் வேரூன்றியதற்கு இந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். தீர்ப்புக்குக் கிடைத்த புகழில் பாதியாவது அந்தக் கிணறுகளுக்கு நிவாரணமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஏனென்றால், அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் இழப்பீட்டுக்கு அளவுகோலாக வைத்தது நிலத்தை. பட்டா இருந்தவருக்கு ஏதோ ஒரு தொகை. அந்தக் கழனியில் நாற்று நட்டு, களை பறித்து, கரும்பு வெட்டிப் பிழைத்தவர்களிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? நிலம் தரிசானபோது முதலில் வேலை இழந்தவர்கள் அவர்கள். குடிநீரும் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. கேன் தண்ணீர் வாங்கும் செலவு, தினக்கூலிக் குடும்பத்தை மிராசுதாரைவிட அதிகம் அழுத்தும். மேட்டூரிலிருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவர வேண்டிய நிலை ஏற்பட்டது; அந்தச் செலவு எந்தத் தோலின் விலையிலும் சேரவில்லை.

உடம்பின் கணக்கு இன்னும் மோசம். குரோம் உப்புகளில் கைவைப்பவர்களுக்குத் தோல் அழற்சியும் ஆறாப் புண்ணும் வருவது மருத்துவம் நெடுங்காலமாக அறிந்தது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இன்னும் கொடியது. மூக்கின் நடுச்சுவரை ஓட்டையாக்கும். நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். ராணிப்பேட்டையில் 1995வாக்கில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போனது இந்த நஞ்சைத்தான். லட்சக்கணக்கான டன் கழிவு திறந்த வெளியில் குவிந்து, ஒவ்வொரு மழைக்கும் மண்ணுக்குள் கசிந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை, அதே ஊரின் சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவு வண்டல் தொட்டியின் சுவர் உடைந்தது. பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

தொழிலை மூடு என்று சொல்வது சுலபம். ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்களின் சம்பளத்தில் அடுப்பு எரிகிறது. விவசாயம் கைவிட்ட குடும்பங்களின் பெண்களும் அவர்களில் உண்டு. அந்தச் சம்பளத்தைப் பறிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பல்லாயிரம் ரூபாய்க்கு வெளிநாட்டில் விற்கும் ஷூவின் விலையில், இங்குள்ள ஒரு கிணற்றைத் துப்புரவாக்கும் செலவும் இருக்கட்டும் என்பதே என் வாதம்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தில் மறுபடியும் தீர்ப்பளித்தது. விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் இழப்பீடு. அதை அரசு கொடுத்துவிட்டுத் தோல் ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு. இந்தக் குழு நிலத்தோடு நின்றுவிடக் கூடாது. கரையோரக் கிராமங்களிலும் தோல்ஷாப்புகளிலும் ஆண்டுதோறும் மருத்துவ முகாம் நடக்க வேண்டும். தோலையும் மூக்கையும் நுரையீரலையும் பார்த்துச் சிறுநீரில் குரோமியம் அளக்க வேண்டும். முடிவுகளை ஊர்வாரியாகப் பதிவேட்டில் ஏற்றி, சிகிச்சைச் செலவையும் இழந்த கூலியையும் இழப்பீட்டோடு சேர்க்க வேண்டும். அதற்கான பணம் தோல் ஆலைகளிடமிருந்து வரட்டும்.