கரிசல் நிலத்தில் அமிழும் வாசல் தளம்

விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் கரிசல் நிலத்தின்மீது வீடு கட்டிய அங்கத்தினர் பலருக்கு ஒரு தொல்லை உண்டு. தெருவிலிருந்து நடைவரை வண்டி வருவதற்கெனப் போட்ட காங்கிரீட் தளம், இரண்டொரு மழைக்காலம் கழிந்ததும் ஓரிடத்தில் அமிழ்ந்து வெடித்துவிடுகிறது. கொத்தனாரை அழைத்தால், பள்ளத்தின்மேல் இரண்டங்குலக் கலவையைப் பரப்பி மட்டம் செய்துவிட்டுப் போகிறார். மறு வருஷம் அதுவும் சேர்ந்து அமிழ்கிறது. பாரம் கூடியதே மிச்சம்.

செலவு ஒரு புறமிருக்க, தளம் வீட்டின் பக்கம் சாய்ந்துவிட்டால் மழைநீர் முழுவதும் அஸ்திவாரத்தில் இறங்கும். சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். குழித்தறி உள்ள வீட்டிலோ ஈரம் தறிக்குழியில் கசிந்து, பாவும் மரச் சாமான்களும் நனையும். ஆகவே தளத்தின் பழுதைத் தளத்தோடு போயிற்றென்று விட்டுவிடலாகாது.

கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் வகை மிகுந்துள்ளது. அதன் நுண்ணிய அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும். உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் இக்குணமே பருத்திக்கு உகந்தது. தளத்துக்கோ அதுவே பகை. ஐப்பசி, கார்த்திகையில் உப்பிய நிலம் சித்திரை, வைகாசியில் சுருங்கும்போது, மேலுள்ள தளம் தாங்கலின்றித் தொங்குகிறது.

தம் நிலத்து மண் எத்தகையதென்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். உலர்ந்த மண்ணை நன்கு பொடித்துச் சலித்து, ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குழாய்களில் சம எடையாக இடுக. ஒன்றில் நீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் அசையாமல் வைக்கவும். மண்ணெண்ணெயில் மண் உப்புவதில்லை. அதைக் காட்டிலும் நீரிலுள்ள மண் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தால் எச்சரிக்கை வேண்டும். கட்டிடத் துறையினர் ஆய்வுச்சாலையில் செய்யும் சோதனையும் இம்முறையில் அமைந்ததே.

பழுதின் காரணத்தையும் முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். ஓரிடம் மட்டும் குழிந்திருந்தால், அதன் கீழே குழாய் கசிகிறதா, பழைய பள்ளத்தைத் திமிசு போடாமல் மூடியிருக்கிறார்களா என்று பார்க்கவும். ஓரங்கள் மட்டும் மழையில் எழும்பிக் கோடையில் இறங்கினால் அது கரிசலின் வேலை.

தளம் உடையாமல், இரும்புக் கம்பியால் தட்டும்போது வெற்றோசை மட்டும் எழுமானால், மூன்றடிக்கு ஒன்றாகத் துளையிட்டுச் சிமெண்டும் மெல்லிய மணலும் கரைத்த குழம்பை ஊற்றி வெற்றிடத்தை நிரப்பலாம். இது தளத்தைத் தாங்குமேயன்றித் தூக்காது. அழுத்த யந்திரத்தால் குழம்பைச் செலுத்தித் தளத்தையே உயர்த்தும் முறை மேல்நாடுகளில் உண்டு. ஆயினும் நீர்க்கசிவை நிறுத்தாமல் எதைச் செய்தாலும் பயனில்லை.

தளம் துண்டுபட்டிருந்தால் உடைத்தெடுப்பதே முறை. பிறகு ஒன்றரை அடி ஆழத்துக்குக் கரிசலை அகற்றவும். அவ்விடத்தில் ஆற்று மணலை நிரப்புவது நம்மவர் வழக்கம், இது பெருந்தவறு. மணல் நீரைத் தேக்கிவைத்து, அடியிலுள்ள கரிசலுக்கு ஊட்டிக்கொண்டேயிருக்கும். உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணடுக்கே கரிசலின்மேல் ஏற்றதென்பதைப் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஆர். கே. கட்டி தம் ஆராய்ச்சியால் நிறுவினார். நமக்கு அது செம்மண் கலந்த சரளை. ஆறங்குலத்துக்கு ஓர் அடுக்காகப் பரப்பி, லேசாக நீர் தெளித்துத் திமிசு போடவும். சரளை தொலைவிலிருந்து வரவேண்டியிருந்தால், தோண்டிய மண்ணையே பொடித்து, நூறு பங்கு எடைக்கு நான்கு முதல் ஆறு பங்கு நீற்றின சுண்ணாம்பு கலந்து இறுக்கலாம். சுண்ணாம்பு கரிசலின் உப்பும் குணத்தைக் குறைத்துவிடும்.

மேலே ஐந்தங்குலக் கனத்தில் 1:2:4 காங்கிரீட். பத்தடிக்கு ஓர் இடைவெட்டு வேண்டும். வீட்டுச் சுவரோடு தளத்தை ஒட்டிவிடாமல் அரை அங்குலம் விட்டுத் தார் நிரப்புக. தெருவை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சாய்வு இருக்கட்டும். பாத்தி கட்டிப் பத்து நாள் நீர் நிறுத்தவும்.

சுவரே வெடித்துவிட்டவர்களுக்கு இவ்வளவு போதாது. ரூர்க்கி மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையத்தார் 1950-களில் கரிசலுக்கென வகுத்த, அடியில் குமிழ்போல் அகன்ற தூண் அஸ்திவாரம், பருவ ஈரம் மாறாத ஆழத்தில், ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டடிக்குக் கீழே, ஊன்றி நிற்பது. புதிதாக வீடு கட்டுவோர் பொறியாளரிடம் இதைக் கேட்டறிவது நலம்.

வேலைக்குரிய காலம் தை, மாசி. கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலத்தின்மேல் போட்ட தளம் மழையில் எழும்பும். கார்த்திகைச் சேற்றில் போட்டது கோடையில் இறங்கும். தளத்தையொட்டி வேம்பு வைத்திருப்போர், கோடையில் அதன் வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதையும் கணக்கில் கொள்க. மரத்தை வெட்டவேண்டுமென்பதில்லை; தளத்தை ஒதுக்கிப் போட்டாலும் ஓரளவு குணமுண்டு.