குளிர் மலை ஏற வேர்ப்பொடி உதவுமா?



போன மாதம் ஒரு சாயங்காலம், ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்தும் நேரத்தில், நம் தோட்டத்துத் தம்பி ஒருவன் ஒரு குப்பியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தான். பங்சாரில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டு வந்தவன். அண்ணனும் கூட்டாளிகளும் சபாவுக்குப் போய்க் கினாபாலு மலை ஏறப்போகிறார்களாம். இவனும் கூடப் போகிறான். "ஐயா, இது தொங்காட் அலி, ஜின்செங் எல்லாம் கலந்த பொடி. குடிச்சா குளிர் தெரியாது, மூச்சு வாங்காதுன்னு சொன்னாங்க. எத்தனை கரண்டி போடணும்?" என்று கேட்டான்.

பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம்தான். பங்கி, கிரிசார் என்ற முதலாளிமார் பெயர்கள் ஒட்டிச் சுருங்கியே பங்சார் ஆயிற்று என்பார்கள். இன்று அங்கே சாயங்காலம் ஓடுகிறவர்களையும் பார்க்கலாம், அவர்களுக்கென்று விற்கும் சத்துப்பொடிகளையும் பார்க்கலாம். அந்தப் பொடிகள் இப்போது நம் லயத்துக்கும் வந்துவிட்டன. அதனால்தான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

கினாபாலுவின் உச்சி 4,095 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி சூடு குறையும். விடியலைப் பார்க்க நடுராத்திரி தாண்டி 2 மணி வாக்கில் கிளம்பி ஏறுகிறார்கள். அந்த நேரத்தில் உச்சியில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் வருவதுண்டு. காற்றழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். நாம் பெரட்டுக்குப் போகும் விடியற்காலைக் குளிரெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

குளிர் பட்டதும் உடம்பு என்ன செய்கிறது? தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் காத்து வைக்கிறது. அது போதாவிட்டால் தசைகளை நடுங்க வைத்துச் சூடு உண்டாக்குகிறது. நடுக்கத்துக்கும் எரிபொருள் வேண்டும். அதுவும் நீங்கள் சாப்பிட்ட சோற்றிலிருந்துதான் வருகிறது. மலையேறுகிறவன் ஏறுவதற்கும் நடுங்குவதற்கும் ஒரே சட்டியிலிருந்து அள்ளுகிறான்.

இஞ்சி, மிளகு, சம்சு எல்லாம் 'உடம்பைச் சூடாக்கும்' என்று நாம் சொல்வது வழக்கம். காந்தல் தெரிவது வேறு, உடம்புக்குள் சூடு இருப்பது வேறு. இஞ்சித் தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். சம்சு மட்டும் வேண்டவே வேண்டாம். அது தோலின் குழாய்களைத் திறந்துவிட்டு, உள்ளே இருந்த சூட்டை வெளியே விரட்டிவிடும். குடித்தவனுக்குக் கதகதப்பாக இருக்கும், ஆனால் உடம்பு குளிர்ந்துகொண்டே போகும்.

சரி, தொங்காட் அலிக்கு வருவோம். நம் நாட்டு சயின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களே ஓட்டக்காரர்களுக்கு ஒரு வாரம் தொங்காட் அலி கொடுத்து ஓடவைத்துப் பார்த்தார்கள். சும்மா மாத்திரை விழுங்கியவர்களைவிட அவர்கள் கூடுதல் நேரம் ஓடவில்லை. 2010இல் இது வெளிவந்தது. ஜின்செங்கையும் இதேபோல் சோதித்தார்கள். அதிலும் வித்தியாசம் இல்லை. இரண்டுமே வெப்பத்தில் நடந்த சோதனைகள்தான். இருந்தாலும் இந்த வேர்கள் தசைக்குத் தனிப் பலம் தருவதாக அங்கே தெரியவில்லை.

1993இல் பெய்ஜிங்கில் சீனப் பெண்கள் ஓட்டத்தில் உலகச் சாதனைகளை உடைத்தெறிந்தார்கள். பயிற்றுநர் மா ஜுன்ரென், திபெத்துப் பக்கத்துக் குளிர்மலையில் விளையும் புழுக்காளான் கஷாயம்தான் காரணம் என்றார். காளான் விலை ஏறியது. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் இரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்து, அவருடைய ஓட்டக்காரிகள் ஆறு பேரை அணியிலிருந்து நீக்கினார்கள். ஊக்க மருந்து கட்டாயமாகக் கொடுக்கப்பட்டதாக அந்தப் பெண்களே எழுதிய கடிதம் 2016இல் வெளியானது.

குளிரில் உண்மையாகவே வேலை செய்த மூலிகைச் சத்து ஒன்று உண்டு. சீனர்கள் மா ஹுவாங் என்னும் செடியில் இருக்கும் எபெட்ரின். கனடாவின் இராணுவ ஆராய்ச்சியாளர்கள் 1980களில் அதைக் காப்பிச் சத்து வகையோடு சேர்த்துக் கொடுத்தபோது, குளிரில் உடம்புச் சூடு இறங்குவது குறைந்தது. ஆனால் அது நெஞ்சை விரட்டும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். 2003இல் அமெரிக்கப் பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்ளர் இந்தச் செடி கலந்த மாத்திரை எடுத்துவந்த நிலையில், பயிற்சியின்போது உடம்பு கொதித்து இறந்தார். மறு வருஷமே அமெரிக்கா அத்தகைய மாத்திரைகளைத் தடை செய்தது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, குப்பியில் எழுதாமல் கலப்பது. தொங்காட் அலிக் காப்பி என்று விற்றவற்றில் ஆண்மை மருந்தான சில்டெனாபில் இருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. சில ஜாமுக்களில் ஸ்டீராய்டு. அந்தத் தம்பியின் அப்பா நெஞ்சுவலிக்காரர், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவர். "அப்பாவும் ரெண்டு நாளா காப்பியில போட்டுக் குடிக்கிறாரு" என்று பையன் சொன்னதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. சில்டெனாபிலும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி ஆள் போய்விடலாம். அப்போதே லயத்துக்கு நடந்தேன். நல்லவேளை, பெரியவர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

1997 மே 23ஆம் தேதி நம் மகேந்திரனும் மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்களே, அதற்குப் பின்னால் இருந்தது நீண்ட பயிற்சி. கினாபாலுவுக்கும் அதுதான் வழி. இரண்டு மாதமாவது மேடு ஏறி இறங்குங்கள். பஞ்சுப் பனியன் நனைந்தால் காயாது, மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். கூட வருகிறவன் நாக்குக் குழறி, கால் தடுமாறி, நடுக்கமும் நின்றுபோனால் 'பழகிவிட்டது' என்று எண்ணாதீர்கள். அதுதான் ஆபத்து. ஈரத்தை மாற்றிப் போர்த்தி, உதவி கூப்பிட்டுக் கீழே இறக்குங்கள். தலைவலியோடு வாந்தி வந்தாலும் மேலே ஏறக்கூடாது.

வீட்டில் இப்படிக் குப்பி இருந்தால் சீட்டைப் பாருங்கள். 'மால்' என்று தொடங்கி எட்டு இலக்கமும், பாரம்பரிய மருந்தாக இருந்தால் கடைசியில் 'டி' எழுத்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கொண்டுவாருங்கள், நான் திட்டமாட்டேன். இரத்த அழுத்தம், இனிப்பு நீர், நெஞ்சு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் எண் இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடியுங்கள். காலை 7 மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி திறந்திருக்கும்.