உள்ளே வந்தால் உயிர் போகும்!

துருக்கி நாட்டில், இஸ்தான்புல் நகரத் தொல்பொருள் காட்சிசாலையில் ஒரு கல் இருக்கிறது. அதில் கிரேக்க மொழியில் ஏழே வரிகள். அன்னியன் எவனும் இந்தக் கைப்பிடிச் சுவரைத் தாண்டக் கூடாது. தாண்டிப் பிடிபட்டால் சாவு. அதற்கு அவனே பொறுப்பு. இதுதான் அதில் வெட்டியிருக்கும் செய்தி!

எருசலேம் ஆலயத்தில் இருந்த கல் அது. 1871-ல் கிளெர்மோன் கன்னோ என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கண்டெடுத்தார். எருசலேம் அப்போது துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது. ஆகவே கல்லும் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தது.

கிறிஸ்தவர்கள் ஜெபம் செய்யும்போது, "ஏசுவின் நாமத்தில் கேட்கிறோம்" என்று முடிப்பதை வாசகர்கள் கேட்டிருக்கலாம். அந்தச் சொல்லின் கனம் தெரிய வேண்டுமானால், இந்தக் கல் இருந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவருக்குள் சுவர்

ஏரோது மன்னன் புதுப்பித்துக் கட்டிய ஆலயம் அது. வெளி முற்றத்துக்கு எந்த ஜாதியாரும் வரலாம். பிறகு மூன்று முழ உயரத்தில் கைப்பிடிச் சுவர். யூதர் அல்லாதவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான். தாண்டினால் பெண்கள் முற்றம். யூதப் பெண்களுக்கு அதுவே எல்லை. அப்புறம் ஆண்களின் முற்றம். அதற்கும் அப்பால் பலி செலுத்தும் ஆசாரியர்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே, ஒரு திரைக்குப் பின்னால், மகா பரிசுத்த ஸ்தலம்.

யூதர்கள் வீட்டிலிருந்தும் கடவுளை வேண்டினார்கள். ஆனால் அந்தத் திரைக்குள் பிரதான ஆசாரியர் ஒருவர்தான் போகலாம். அதுவும் வருஷத்தில் ஒரே நாள், பாவநிவாரண நாளன்று! பொன் உடைகளைக் களைந்து, வெள்ளை உடை உடுத்தி, தூபமும் பலியின் ரத்தமும் எடுத்துக்கொண்டு நுழைவார்.

இத்தனை காவலுக்கும் உள்ளே என்ன இருந்தது? ஒன்றுமே இல்லை! பழைய ஆலயத்தில் இருந்த உடன்படிக்கைப் பெட்டி, பாபிலோனியர் ஆலயத்தை அழித்த பிறகு திரும்பக் கிடைக்கவே இல்லை. ஏரோதுக்கு முன்பே, கி.மு. 63-ல், ரோமத் தளபதி பாம்ப்பே துணிந்து உள்ளே நுழைந்தான். சிலை ஒன்றும் அங்கே இல்லை. கடவுளின் சந்நிதி என்பதே அந்த வெற்றிடத்தின் மகிமை.

ஏசுநாதர் சிலுவையில் உயிர்விட்டபோது அந்தத் திரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். எபிரெயர் நிருபம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிறிஸ்துவே பிரதான ஆசாரியர், அவரே பலி, அந்தப் பலி ஒரே தரம் செலுத்தியாகிவிட்டது, இனி அவர் மூலம் எவனும் தைரியமாக உள்ளே வரலாம் என்கிறது. 'தைரியம்' என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், ஏதென்ஸ் நகரக் குடிமகன் சபையில் அஞ்சாமல் பேசும் உரிமையைக் குறித்தது. அடிமைக்கு அந்த உரிமை ஏது?

1520-ல் மார்ட்டின் லூதர், ஞானஸ்நானம் பெற்ற எல்லாருமே ஆசாரியர்கள்தான் என்று வாதாடியதற்கும் வேர் இங்கே இருக்கிறது. கத்தோலிக்கர்கள் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் முறையை விடவில்லை. கிறிஸ்து வழியாகவே கடவுளிடம் சேருகிறோம் என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை.

பவுல் பட்ட பாடு

இந்தச் சுவரால் ஒருவர் உயிரே போகவிருந்தது. அவர்தான் பவுல். எபேசு பட்டணத்து துரோப்பீமு, யூதர் அல்லாதவர். அவரோடு பவுல் எருசலேம் வீதியில் நடந்ததைச் சிலர் பார்த்திருந்தார்கள். பிறகு பவுலை ஆலயத்தில் கண்டதும், "அன்னியனை உள்ளே கூட்டி வந்துவிட்டான்!" என்று கூச்சல் எழுப்பினார்கள். உண்மையில் அது வெறும் ஊகம். ஆனால் கூட்டம் விசாரிக்குமா? வெளியே இழுத்துப் போட்டு அடித்தார்கள். ரோமச் சிப்பாய்கள் ஓடி வந்திராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். இரட்டைச் சங்கிலி பூட்டிக் கொண்டுபோனார்கள். செசரியாவில் இரண்டு வருஷக் காவல். ரோமாபுரியில் மேலும் இரண்டு வருஷம்.

அந்தக் காவலில் இருந்தே எபேசியருக்கு, அதாவது துரோப்பீமுவின் ஊராருக்கே, பவுல் நிருபம் எழுதினார் என்பது சபையின் பழைய மரபு. எழுதியவர் அவருடைய சீடர் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. யூதரையும் மற்றவரையும் பிரித்த நடுச்சுவரைக் கிறிஸ்து இடித்துவிட்டார், இரு சாராரும் பிதாவிடம் சேரலாம் என்கிறது அந்த நிருபம்.

ரோமப் படை ஆலயத்தைக் கொளுத்தியது கி.பி. 70-ல். மரபுப்படி பார்த்தால், பவுல் இதை எழுதியபோது கைப்பிடிச் சுவர் எச்சரிக்கைக் கற்களோடு எருசலேமில் அப்படியே நின்றுகொண்டிருந்தது!