சாலைக்கு இடம் கொடுத்தோர்

நல்ல சாலை வேண்டுமென்று கேளாத கிராமம் இல்லை. ஆயின், அச்சாலை எவருடைய முற்றத்தின் வழியே செல்கிறதோ அவருடைய நிலையையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

1894-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் பெரும்பாலும் நிலத்தில் உரிமையுடையோரையே கண்டது. அதில் உழைத்துப் பிழைத்தோரைக் காணவில்லை. 2014 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்த புதிய சட்டம் இக்குறையைப் போக்க முற்பட்டது. அதன் நஷ்டஈட்டு, மறுவாழ்வு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்தும். கட்டடம், மரம் ஆகியவற்றின் மதிப்பும் நிலமதிப்புடன் சேர்க்கப்பெறும். அம்மொத்தத்துக்குச் சமமான ஆறுதல் தொகையும் உண்டு. குடிபெயர்வோருக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாயும், பெயர்ந்து செல்லும் செலவுக்கு 50,000 ரூபாயும் வகுக்கப்பட்டுள்ளன. (ஓராண்டில் புதிய பிழைப்பு வேரூன்றிவிடுமா என்பது நம் ஐயம்.)

“பட்டா இல்லாத நமக்கு என்ன கிடைக்கும்?” என்று வாளாவிருப்போர் பலர். அது தவறு. சொந்த மனை இல்லாவிடினும், அறிவிக்கைக்கு முன் மூன்றாண்டுகள் தொடர்ந்து அங்கு வசித்த குடும்பம் வீடு இழந்தால், வேறு வீடு பெற உரியது. அந்நிலத்தையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்டு மூன்றாண்டுகள் உழைத்த குத்தகைதாரரும் கூலியாட்களும் பாதிக்கப்பட்டோரே. ஆதலின், கணக்கெடுக்க வருவோரிடம் குடும்ப அட்டையையும் பழைய வீட்டுவரி, மின்கட்டண ரசீதுகளையும் காட்டித் தம் பெயரைப் பதியச் செய்வாராக.