டென்னிஸ் பந்து எதுக்கு சார் பிரசவத்துக்கு?

பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஜீவன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு கையில் பை, மறுகையில் செல்போன், முகத்தில் பேயறைந்த களை. டாக்டர் எதிரே வந்தால் விறைத்து நிற்கும். நர்ஸ் வந்தால், "பணம் கட்டணுமா சிஸ்டர்?" என்று கேட்கும். அவர்தான் அப்பா ஆகப்போகிறவர்!

அடியேனும் அப்படி நடந்தவன்தான்.

படித்தது பி.காம். ஆச்சே, புத்தி சும்மா இருக்குமா? ஒரு வாரம் முன்னாடியே லிஸ்ட் போட்டுப் பையை ரெடி பண்ணிவிட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைல், இன்ஷூரன்ஸ் கார்டு, ஆதார் ஜெராக்ஸ் நாலு காப்பி, சார்ஜர், பவர் பேங்க், ரொக்கம். ஆடிட்டரே வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்த ஆஸ்பத்திரியில் லேபர் வார்டுக்குள் புருஷனையும் விட்டார்கள். ராத்திரி இரண்டு மணிவரை கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வயிறு கிள்ளியது. "ஒரு டீ குடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று கீழே இறங்கினேன். கேன்டீன் பூட்டிக் கிடந்தது. கடை தேடி மெயின் ரோடு வரைக்கும் போய், டீயும் பன்னும் சாப்பிட்டுத் திரும்பியபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

"எங்கே சார் போனீங்க? உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றார் நர்ஸ்.

விடிகாலையில் பையன் பிறந்தான். தாயும் சேயும் நலம். ஸ்வீட் பாக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் ஆச்சு. ஒரு மாசம் கழித்து மாமியார் வீட்டில், தொட்டிலை ஆட்டிக்கொண்டே என் மனைவி சொன்னாள்:

"வலியைக்கூடப் பொறுத்துக்கிட்டேங்க. அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தேன் பாருங்க... அது மட்டும் மறக்க மாட்டேங்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்கப்புறம்தான் 'டூலா' என்று ஒருத்தர் உண்டு என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஏதோ வடநாட்டுப் பலகாரம் மாதிரி இருக்கிறதா? கிரேக்கச் சொல். பணிவிடை செய்யும் பெண் என்று அர்த்தம். பிரசவ வலியில் இருப்பவளுக்குக் கூடவே இருந்து ஒத்தாசை பண்ணுவதுதான் அவர் தொழில். அமெரிக்காவில் 1992-லேயே இவர்களுக்குச் சங்கம் வந்துவிட்டது. இப்போது சென்னை, பெங்களூரிலும் டூலாக்கள் இருக்கிறார்கள். டூலா டாக்டர் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. ஊசி போட மாட்டார். குழந்தையை எடுக்க மாட்டார். வைத்தியம் சொல்லக் கூடாது.

பின்னே, அவர் தூக்கிக்கொண்டு வரும் பெரிய பையில் என்னதான் இருக்கும்?

முதலில் கைக்கு வருவது இரண்டு டென்னிஸ் பந்து! கிரிக்கெட் ஆட இல்லை சார். ஒரு சாக்ஸுக்குள் இரண்டையும் போட்டு முடிச்சுப் போட்டு, இடுப்புக்குக் கீழே முதுகில் அழுத்தி உருட்டுவார்கள். சிலருக்கு வயிற்றைவிட முதுகில்தான் வலி கொல்லும்.

அப்புறம் வெந்நீர்ப் பை. மடக்கும் ஸ்ட்ரா, படுத்திருப்பவள் தலையைத் தூக்காமல் தண்ணீர் உறிஞ்ச. லிப் பாம், வாயால் மூச்சுவிட்டு விட்டு உதடு காய்ந்து வெடித்துவிடும். அதுவும் வாசனை இல்லாததாக, ஏனென்றால் அந்த நேரத்தில் மல்லிகைப்பூ வாசம்கூடக் குமட்டலாம். முடி கட்ட எலாஸ்டிக். ஒரு கைவிசிறி. மரச்சீப்பு ஒன்று, தலை வார அல்ல, வலி வரும்போது உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிக்க! மெக்சிகோவில் 'ரெபோஸோ' என்று நீளத் துணி ஒன்றை இடுப்பைத் தாங்கப் பயன்படுத்துவார்கள். அதையும் சில டூலாக்கள் வைத்திருப்பார்கள். நம் ஊரில் அந்த வேலையைப் பழைய நூல் புடவையே செய்துவிடும்.

இவ்வளவுதானா என்றால், மீதிப் பாதிப் பை டூலாவின் சொந்தச் சாமான்!

அவருக்கு பிஸ்கட், கடலை, தண்ணீர் பாட்டில், மாற்று உடை, கால் வலிக்காத செருப்பு, டூத் பிரஷ். (பின்னே? முகத்துக்கு முகம் வைத்து 'மூச்சை மெல்ல விடும்மா' என்று சொல்லும்போது வெங்காய பஜ்ஜி வாடை அடித்தால் அவள் கதி என்ன ஆவது?) படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பசிக்கிறது, உடம்பு கசகசக்கிறது என்று அவர் எழுந்து போய்விடக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் பாதிப் பை. என் பையில் சார்ஜர் இருந்தது. ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்திருந்தால் நான் டீக்கடை தேடிப் போயிருக்க மாட்டேன்.

"கூட இருந்தா மட்டும் வலி குறைஞ்சிடுமா?" என்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 1980-ல் குவாத்தமாலா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் செய்த ஆய்வு வெளியானது. முன்பின் தெரியாத ஒரு பெண், வலி நேரம் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுத்துணையாக இருந்தார். துணை இருந்தவர்களுக்குப் பிரசவமாகச் சராசரியாக 8.8 மணி நேரம். இல்லாதவர்களுக்கு 19.3! சின்ன ஆய்வுதான், தரப்புக்கு 20 பேர். ஆனால் 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை 2017-ல் சேர்த்துப் பார்த்தார்கள். துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு என்றே வந்தது.

நம் தமிழக அரசு, ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டத்தை 2004-லேயே கொண்டுவந்தது. மத்திய அரசு 2016-ல் சொன்னது. மறைப்பு வசதி இருக்கும் இடத்தில் புருஷனும் துணையாக இருக்கலாம். ஆனால் துணைக்கு வருபவர் கடைசிவரை கூடவே இருக்கச் சம்மதிக்க வேண்டும் என்பது நிபந்தனை. டீ குடிக்க நாற்பது நிமிஷம் என்று அதில் இல்லை!

ஆகவே வருங்கால அப்பாக்களே, டூலா வைக்க வசதி இல்லையென்றால் பரவாயில்லை. புருஷனை உள்ளே விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். விடமாட்டார்கள் என்றால் மாமியார் கையிலோ அம்மா கையிலோ இந்தப் பையைக் கொடுத்தனுப்புங்கள். ஃபைலோடு உங்களுக்கும் ஒரு வேளைச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். அவளுக்குக் குடிக்க என்ன கொடுக்கலாம், வெந்நீர்ப் பை வைக்கலாமா என்பதை மட்டும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

போன வருஷம் எங்களுக்கு இரண்டாவது. இந்தத் தடவை ஃபிளாஸ்க், பிஸ்கட், டூத் பிரஷ், ஸ்ட்ரா சகிதம் போனேன். பந்து இரண்டும் பெரியவனுடையவை. கிரிக்கெட்டுக்கு வைத்திருந்ததைக் கெஞ்சி வாங்கினேன். ஒன்பது மணி நேரம் நாற்காலியை விட்டு நகரவில்லை. வீட்டுக்கு வந்ததும், "எதும்மா ரொம்ப உதவியா இருந்துச்சு, பந்தா, வெந்நீர்ப் பையா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"பந்தை நீங்க உருட்டினது தப்பான இடத்துலங்க" என்றாள். "ஆனா இந்தத் தடவை நான் கதவைப் பார்க்கவே இல்ல."

பெரியவன் மட்டும் இன்னும் பந்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கும் ஒரு சாக்ஸைக் காணோம்.