செருகுநிரலின் அஸ்தமனமும் உபயோகிப்போர் சுதந்திரமும்

உலாவியை ஆக்கியவர்களின் அநுமதியை எதிர்பாராமலே பிறரும் அதற்குப் புதிய ஆற்றல்களைச் சேர்க்க இடங்கொடுத்த செருகுநிரல் முறையை நெட்ஸ்கேப் ஸ்தாபனத்தார் 1995-ஆம் ஆண்டை ஒட்டி வகுத்தனர். அவ்வழியே வந்த ஃபிளாஷ்தான் அசையும் சித்திரங்களையும் விளையாட்டுகளையும் இணையமெங்கும் பரப்பிற்று.

அம்முறையில் அபாயம் இருந்ததை மறுப்பதற்கில்லை. உலாவிக்குள் தோன்றினும், கணினியின் கோப்புகள் வரை கைநீட்டும் அதிகாரம் செருகுநிரலுக்கு இருந்ததால், அதிலுள்ள ஒரு சிறு ஓட்டை தீயோருக்குப் பெருவாசலாயிற்று. 2015 செப்டம்பரில் குரோமும் 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும், ஃபிளாஷுக்கு மாத்திரம் விலக்களித்துப் பழைய செருகுநிரல்களைக் கைவிட்டமை நியாயமே. இடைக்காலத்தில் இவ்வுலாவிகள் கையாண்ட ஓர் ஏற்பாடு என் அபிப்பிராயத்தில் மிகச் சிறந்தது: சித்திரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று நிற்கும், பார்ப்பவர் விரும்பி அதைச் சொடுக்கினாலன்றி ஃபிளாஷ் இயங்காது. அபாயமும் அறிவிக்கப்பட்டது, தீர்மானமும் உரியவரிடமே இருந்தது.

ஆனால் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை முடித்துக்கொண்ட, அதற்குரிய அடோபி நிறுவனத்தார் அவ்வளவில் நிற்கவில்லை. 2021 ஜனவரி 12 முதல் எதையும் இயக்க மறுக்குமாறு கடைசிப் பதிப்புகளுக்குள்ளேயே கட்டளையைப் பொதிந்து வைத்தனர். பெரிய ஸ்தாபனங்களின் நிர்வாகிகளை உத்தேசித்து அமைப்புக் கோப்பு ஒன்றில் விலக்கு வைத்திருந்தார்களாயினும், அப்படியொரு வழி உண்டென்பதைச் சாமானியர் எங்ஙனம் அறிவர்? தென்னாப்பிரிக்க வருமான வரித்துறையோ, தன் படிவங்கள் சில இன்னும் ஃபிளாஷிலேயே இருந்தமையால், அவற்றைத் திறப்பதற்கென்றே தனி உலாவி ஒன்றை வெளியிட்டது. அரசாங்கத்துக்கு அது சாத்தியம். பழைய பாடச் சித்திரங்களை நம்பியிருந்த ஓர் ஆசிரியருக்குச் சாத்தியமா? ஆதரவை நிறுத்துவது ஆக்கியவரின் உரிமை. பிறர் கணினியில் ஏற்கெனவே குடியேறிய நிரலை அக்கணினிக்கு உரியவரின் சம்மதமின்றி முடக்குவது அவ்வுரிமையில் அடங்காது என்றே கருதுகிறேன்.

இன்று ரஃபிள் என்னும் திறந்தமூல நிரல், செருகுநிரலின் துணையில்லாமலே பழைய ஃபிளாஷ் ஆக்கங்களை உலாவிக்குள் இயக்குகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலேயே அதைக்கொண்டு ஒரு சேகரத்தைத் தொடங்கியது. ஃபிளாஷ் பிளேயரின் முழு மூலநிரலை அடோபி வெளியிடாமையால், ரஃபிளை இயற்றிய தன்னார்வலர்கள் அதன் ஒவ்வோர் இயல்பையும் சோதித்துச் சோதித்துப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது; பிற்காலத்துச் சிக்கலான விளையாட்டுகளில் பல அதில் இன்னும் சரிவர இயங்கவில்லை.