பெட்டியில ஹெச்டிஆர், திரையில இருக்கா?

உப்பளத்துல இருந்து பேசுறேன். மானிட்டர் பெட்டியில 'ஹெச்டிஆர்10 சப்போர்ட்'னு போட்டிருந்தா, அந்த சிக்னலை அது வாங்கிக்கும், அவ்வளவுதான். படம் நல்லா தெரியும்ங்கிறதுக்கு அது உத்தரவாதம் இல்ல.

அதுக்குத்தான் வெசா அமைப்பு 2017 டிசம்பர்ல டிஸ்ப்ளேஹெச்டிஆர் சான்றிதழைக் கொண்டுவந்துச்சு. 400, 600, 1000ங்கிறது திரை எட்ட வேண்டிய உச்ச வெளிச்சம், நிட்ஸ் கணக்குல.

ஆனா வெளிச்சம் பாதிக் கதைதான். உப்பளம் ஸ்டேடியத்துல எல்லா விளக்குக்கும் ஒரே சுவிட்ச்னு வெச்சுக்கோங்க. ஒரு மூலையை மட்டும் இருட்டாக்க முடியாதுல்ல? எல்சிடி மானிட்டர்ல பின்விளக்கைப் பகுதி பகுதியா மங்க வைக்கிறதுதான் லோக்கல் டிம்மிங். 400 தரத்துக்கு அது கட்டாயமில்ல. அதனால நிலா பளிச்னு வந்தா ராத்திரி வானமும் சாம்பலா வெளுத்துடும்.

கூடுதல் காசு கொடுக்கும் முன்னாடி கேளுங்க: சான்றிதழ்ல எந்த எண்? லோக்கல் டிம்மிங்ல எத்தனை ஸோன்? பதில் இல்லன்னா, அதைச் சாதாரண மானிட்டராவே விலை பேசுங்க.